எரிமலையில் கிடைக்கும் வாயு

கௌதமி தமிழில்தான் பாடம் நடத்தினாள். பிள்ளைகள் இங்கிலீஷில்தான் கேட்டார்கள்.

நடுவில் இருந்தது மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கருவி. அரசாங்கம் அதற்கு நீளமாக ஏதோ பெயர் வைத்திருந்தது. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் அந்த ஊரில் எல்லோருக்கும் அது மொச்சைதான். காலையில் பள்ளிக்கூட வாசலிலேயே பிள்ளைகள் ஆளுக்கு இரண்டை எடுத்துக் காதில் செருகிக்கொள்வார்கள். டீச்சர் தன் தோளில், புடவை மடிப்போடு சேர்த்து ஒரு மைக்கைக் குத்திக்கொள்வாள். "இங்க பாருங்க, காத்துக்கும் எடை இருக்கு" என்று அவள் சொல்லி வாயை மூடுவதற்குள் அது அவள் குரலிலேயே, அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராத இங்கிலீஷில், பிள்ளைகளின் காதுக்குள் இறங்கிவிடும். வெளியே ஒலிக்கும் தமிழை மொச்சை அடைத்துவிடும். டீச்சர்களுக்கு மொச்சை கிடையாது. அவர்களுக்கு எதற்கு, என்ன பேசுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டார்கள்.

அதற்கு முன்னால் நடந்தது வேறு கூத்து. வாசலில் ஆங்கிலவழி என்று பலகை தொங்கும். உள்ளே டீச்சர் புத்தகத்திலிருந்து ஒரு இங்கிலீஷ் வரியைத் தட்டுத்தடுமாறி வாசிப்பாள், தமிழில் கதையாகச் சொல்லிப் புரியவைப்பாள், கடைசியில் இங்கிலீஷ் பதிலைப் பலகையில் எழுதிப்போட்டு நெட்டுருப் போடச் சொல்வாள். பிள்ளைக்குப் புரிந்தது ஒரு மொழியில், எழுதியது இன்னொரு மொழியில். இரண்டுக்கும் நடுவில் பாலம் கட்டுவது அந்தப் பிள்ளையின் தலையெழுத்து. மொச்சை வந்ததும் இந்தத் திருட்டு வேலை ஒழிந்தது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் கௌதமி.

அவளுக்குக் காரணம் இருந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் வெந்துபோன மனிதர் அவள் அப்பா. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். பிளஸ் டூ வரை தமிழில் படித்து நல்ல மார்க் வாங்கியவள், கல்லூரியில் முதல் வாரமே எழுந்து நின்று தமிழில் ஒரு சந்தேகம் கேட்டாள். வகுப்பு சிரித்தது. இந்தப் பெண் சொல்வதை யாராவது மொழிபெயர்த்துச் சொல்லுங்கப்பா என்றார் பேராசிரியர். அதற்குப் பிறகு அந்தக் கல்லூரியை விட்டு வெளியே வரும்வரை அவள் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆத்திரம் வேலை கிடைத்த பிறகும் ஆறவில்லை.

ஆகவே மொச்சை வேண்டுமா வேண்டாமா என்று பெற்றோர் கூட்டம் போட்டபோது, புரியாமல் படிப்பது படிப்பா என்று இழுத்த தமிழாசிரியரை அவள் பேசவே விடவில்லை.

"தமிழ்லயே படிங்கன்னு மேடையில சொல்றவங்க புள்ளைங்க எந்த ஸ்கூல்ல படிக்குதுன்னு மொதல்ல கேளுங்க. அப்புறம் நம்ம புள்ளைங்களப் பத்திப் பேசலாம்."

முதலில் கை தட்டியவள் சரளா. ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவள். கை தட்டியதோடு நிற்காமல் பக்கத்தில் ஒதுங்கி நின்ற புருஷன் கஜேந்திரனின் முழங்கையைப் பிடித்து உயரத் தூக்கினாள். தோல் கம்பெனிகளின் கழிவுக் குழிகளை அள்ளுவது அவன் வேலை. கூட்டமென்றால் கடைசி வரிசையில், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். அவர்களுடைய ஒரே மகள் மோனிஷா, கௌதமியின் வகுப்பில்தான் இருந்தாள்.

மொச்சைக்கு இரண்டு நடை உண்டு. ஒன்று பேச்சுநடை, டீச்சர் சொன்னதை அப்படியே மாற்றித் தருவது. இன்னொன்று தேர்வுநடை. திருத்துகிறவர் எந்த வரிக்கு மார்க் போடுவாரோ அந்த வரியாக்கித் தருவது. எதைப் போடலாம் என்று தலைமையாசிரியர் ஏகாம்பரம் ஆசிரியர்களைக் கேட்டபோது, தேர்வுநடைதான் என்று முதலில் சொன்னவள் கௌதமி. மார்க் இல்லாமல் நம் பிள்ளைகளை எவன் உள்ளே விடுவான் என்று கேட்டாள். அதையே போட்டார்கள்.

மார்க் வந்தது. மாவட்டத்தில் அடிமட்டத்தில் கிடந்த பள்ளிக்கூடம் மேலே ஏறியது. வாய்மொழித் தேர்வில் பிள்ளைகள் இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார்கள். அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கேள்வி கேட்கிற பிள்ளைதான் குறைந்துபோனது. மொச்சை உள்ளே வருவதை மாற்றுமே தவிர வெளியே போவதை மாற்றாது. அதற்குத் தனிக் கருவி, தனி டெண்டர். வகுப்பில் பிள்ளைகள் தமிழில் பேசக்கூடாது என்பதால், சந்தேகம் என்றால் சொந்த இங்கிலீஷில் கேட்க வேண்டும். பிள்ளைகள் தலையாட்டக் கற்றுக்கொண்டார்கள். கௌதமி அதை ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்தாம் வகுப்பு வேதியியலில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவைப் பற்றி ஒரு பாடம் உண்டு. அந்தப் பாடத்தை மட்டும் அவள் புத்தகம் பார்த்து நடத்தமாட்டாள். அவளுடைய சித்தப்பா ஒரு கழிவுக் குழியில்தான் போனார். புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, நம்ம ஊரு தோல் கம்பெனிக் குழியில் இருப்பது இதுதான் என்று ஆரம்பிப்பாள். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், வெள்ளிக் கொலுசைக் காட்டினால் கறுத்துப்போகும், கனத்த வாயு என்பதால் அடியில் போய்ப் படுத்துக்கிடக்கும். அதிகமானால் முதலில் மூக்கைக் கொன்றுவிடும். நாற்றம் நின்றுபோனால் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள், மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம், அப்போது இறங்கினால் ஏறமாட்டீர்கள்.  வராந்தாவில் போகிற ஏகாம்பரம் அந்தப் பாடத்துக்கு மட்டும் நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். அந்த வருஷமும் ஆடி மாதத்தில் சொன்னாள். பிள்ளைகள் தலையாட்டினார்கள். அந்த வார வாய்மொழித் தேர்வில் மோனிஷா அந்தப் பாடத்தைத் தங்குதடையில்லாமல் ஒப்பித்து முழு மார்க் வாங்கினாள். அந்த இங்கிலீஷ் வேகத்தில் கௌதமியின் காதில் தங்கியது மார்க் மட்டும்தான்.

தீபாவளிக்கு மூடிய ஒரு தோல் கம்பெனியை மறுபடி திறப்பதற்கு முன்னால் குழியை அள்ள வேண்டுமென்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் கஜேந்திரனைக் கூப்பிட்டார்கள். அவன் அந்தக் குழியிலேயே செத்துப்போனான்.

விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி என்று செய்தி வந்தது. அந்த ஊரில் வருஷத்துக்கு ஒரு முறையாவது வருகிற செய்திதான். விஷவாயு என்ற சொல் தெரியாத பிள்ளை அங்கே கிடையாது.

எடுப்பதற்கு முன்னால் கௌதமி போய்ச் சேர்ந்துவிட்டாள். பறைச் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. மோனிஷாதான் அவளைக் கையைப் பிடித்து வீட்டுப் பின்பக்கம் இட்டுக்கொண்டு போனாள். அந்தப் பெண் அழவில்லை. ஒப்பிக்கிறவள் மாதிரியே சொன்னாள்.

"நான் அங்கதான் இருந்தேன் மிஸ். அப்பாவுக்கு நாஸ்தா எடுத்துனு போனேன். மூடியத் தெறந்தப்போ கொடலப் பொரட்டுற நாத்தம். கொஞ்ச நேரத்துல நின்னுபோச்சு. அப்பா என்னத்தான் கேட்டாரு, பாப்பா உனுக்கு எதுனா நாத்தம் அடிக்குதான்னு. நான் குனிஞ்சு மோந்து பாத்தேன். இல்லப்பா, போயிடுச்சுன்னேன். அப்புறந்தான் எறங்குனாரு."

 யாருகிட்டயாவது சொன்னியா என்று மட்டும் கேட்டாள் கௌதமி. இல்லை என்றாள் மோனிஷா. சொல்ல என்ன இருக்கு என்பது மாதிரி அவளைப் பார்த்தாள்.

வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் கௌதமி தனக்குள் கத்திக்கொண்டே போனாள். சொன்னேனே. மூக்கு செத்துடும்னு சொன்னேனே. இவளே எழுந்து நின்று ஒப்பித்தாளே. ஒப்பித்த வாயால் எப்படி அப்பனிடம் போயிடுச்சுப்பா என்று சொல்ல முடிந்தது?

மறுநாள் சாயந்திரம் பிள்ளைகள் போன பிறகு, பெட்டியிலிருந்து இரண்டு மொச்சையை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள். அதுவரை அவள் ஒரு தடவைகூட வைத்துப் பார்த்ததில்லை. தோளில் மைக்கைக் குத்திக்கொண்டு, காலி பெஞ்சுகளுக்கு முன்னால் நின்று, அந்தப் பாடத்தை அதே சொற்களில் தொடங்கினாள். நம்ம ஊரு தோல் கம்பெனிக் குழியில் இருக்கிற வாயு என்றாள். காதுக்குள் அவளுடைய குரல், பிறந்ததிலிருந்து இங்கிலீஷ் பேசுகிற குரல், எரிமலைப் பகுதிகளிலும் வெந்நீர் ஊற்றுகளிலும் காணப்படும் நிறமற்ற வாயு என்றது. அழுகின முட்டை அப்படியே வந்தது. கொலுசு போய் வெள்ளிப் பாத்திரம் ஆகியிருந்தது. மூக்கு செத்துடும், அப்போ எறங்காதீங்க என்றாள். அதிகச் செறிவில் ஆல்ஃபேக்டரி பெராலிசிஸ் ஏற்படும் என்று சொல்லி நிறுத்திக்கொண்டது குரல். எறங்காதீங்க என்பது வரவேயில்லை. அது பாடத்தில் இல்லை, அதற்கு மார்க் இல்லை.

திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். குழி என்றாள், குழி என்றாள். எரிமலை, எரிமலை என்றது. தேர்வுநடை அப்படித்தான் வேலை செய்யும். உள்ளூர் உதாரணத்துக்குத் திருத்துகிறவர் மார்க் போடமாட்டார், புத்தக உதாரணத்துக்குப் போடுவார். அவளே கேட்டு வாங்கிய நடை.

பெஞ்சில் உட்கார்ந்தாள். பாடம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேராமல் இல்லை. போய்ச் சேர்ந்திருந்தது, அவர்கள் கால் வைக்கவே போகாத ஏதோ ஒரு நாட்டு மலைமேல். விஷவாயு ஊரில் இருந்தது. ஹைட்ரஜன் சல்ஃபைடு காதில் இருந்தது. மோனிஷாவின் தலைக்குள் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தும் முகம் பார்த்துக்கொண்டதில்லை. என்றைக்காவது பார்த்துக்கொள்ளும். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குத் தெரியும், தனக்குத் தெரிந்திருந்தது என்று. தெரிந்திருந்தும் அப்பாவைக் குழிக்குள் அனுப்பினேன் என்று.

இதை அப்படியே மூடி வைத்துவிடலாமென்றால் அதற்கும் வழியில்லை. குழியை அள்ளும் வேலை பாதியில் நின்றிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே வகுப்பில் படிக்கிற தரணியின் அப்பா இறங்கப்போவதாகப் பேச்சு. கௌதமி நேரே போய் அவரிடம் சொல்லிப் பார்த்தாள். நாற்றம் பிடித்த வேலையைப் பற்றி எங்களுக்கே பாடமா டீச்சர், நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து எறங்கினு கீறோம் என்று சிரித்துவிட்டார். டீச்சர் சொல்லிக் கேட்காத ஆள் மகள் அழுதால் கேட்பார். பிள்ளைகளுக்குத்தான் சொல்ல வேண்டும், மொச்சை இல்லாமல் சொல்ல வேண்டும். மோனிஷா பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வரமாட்டாள். அதற்குள் சொல்லி முடித்துவிடலாம் என்று வியாழக்கிழமையைக் குறித்தாள்.

வியாழக்கிழமை காலையில் சரளாவே மகளைக் கொண்டுவந்து விட்டாள். தலை வாராத சரளா, பள்ளிக்கூட வாசலைத் தாண்டாமல் நின்றபடி, வீட்டில் குந்தி அழுதுகொண்டிருந்தால் படிப்பு போய்விடும், அவர் ஆசைப்பட்டதே இந்தப் படிப்புக்குத்தான் என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள்.

கௌதமி வகுப்புக்குள் வந்தாள். மோனிஷா இரண்டாவது பெஞ்சில் இருந்தாள். தரணி கடைசியில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள்தான். ஏதாவது வேலை சொல்லி மோனிஷாவை வெளியே அனுப்பலாமா என்று யோசித்தாள். அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே அவள் அப்பாவின் சாவைப் பாடமாக நடத்துவதா? எல்லோரும் மொச்சையைக் கழற்றி மேசைமேல் வையுங்கள் என்று சைகையால் சொன்னாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே கழற்றினார்கள்.

அவள் பேச ஆரம்பித்ததும் முன்பெஞ்சில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். என்ன என்று கேட்டதற்கு, "மிஸ், நீங்க தமிழ்ல எங்க பெரியம்மா மாதிரியே பேசுறீங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. பெரியம்மா கை நீளுமா, நாக்கு நீளுமா என்று கௌதமி கேட்டாள். ரெண்டும் மிஸ் என்றாள் அவள். அதுவும் நல்லதற்குத்தான். அதற்குப் பிறகு எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

குழியைப் பற்றிச் சொன்னாள். மூடி வைத்த குழியில் வாயு எப்படிச் சேரும், எங்கே படுத்திருக்கும் என்று சொன்னாள். மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்தபோது மோனிஷா இருந்த பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். நாற்றம் நின்றால் ஓடு. அப்பாவாக இருந்தாலும் மாமாவாக இருந்தாலும் காலைப் பிடித்து இழு, இறங்க விடாதே. தரணி எழுந்து நின்று, ஞாயிற்றுக்கிழமை அப்பாவை விடமாட்டேன் மிஸ் என்றாள். 

 கௌதமி திரும்பிப் பார்த்தபோது மோனிஷா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கௌதமிக்கு அந்த அசைவு தெரியும். வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் பிள்ளைகள் அப்படித்தான் ஒரு தடவை உள்ளுக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள்.

"மிஸ், நம்ம ஒண்ணு படிச்சமே. ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதுலயும் ஆல்ஃபேக்டரி பெராலிசிஸ்னு ஒண்ணு வரும். இப்போ நீங்க சொன்ன விஷவாயுவும் அதுவும் ஒண்ணா மிஸ்?"

எத்தனையோ நாளாக அந்த வகுப்பில் யாரும் கேட்காத மாதிரிக் கேள்வி. ஒன்றையும் இன்னொன்றையும் தானாக முடிச்சுப் போட்டுப் பார்க்கிற கேள்வி. இப்படி ஒரு பிள்ளை கேட்காதா என்று ஏங்குகிறவர்கள்தான் வாத்தியார்கள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"இல்லம்மா" என்றாள் கௌதமி. "அது எரிமலையில வர்றது. இது வேற."

கடைசி பெஞ்சிலிருந்து தரணி, ஆனா மிஸ் ரெண்டுலயும் மூக்குதானே என்று ஆரம்பித்தாள். கௌதமி ஒரு பார்வை பார்த்தாள். தரணி உட்கார்ந்துவிட்டாள்.

மோனிஷா உட்காரவில்லை.

"அப்போ இந்த வாயுவப் பத்தி எங்களுக்கு யாருமே சொல்லித் தரல, இல்ல மிஸ்?"

"தரல. நான்தான் சொல்லித் தந்திருக்கணும். சொல்லாம விட்டுட்டேன். உங்க யாருக்கும் தெரிஞ்சிருக்க வழியே இல்ல."

மோனிஷா அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்னவோ தளர்ந்தது. தளர்ந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. அது வெறுப்பு என்று கௌதமிக்குப் புரிந்தது. இருக்கட்டும் என்று நினைத்தாள். அந்த வெறுப்பு உள்ளே திரும்பி அந்தப் பெண்ணையே தின்பதைவிட, வெளியே வந்து தன்மேல் விழட்டும்.

மணி அடித்து வெளியே வந்தபோது ஏகாம்பரம் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவருடைய அறைக்குள் போனதும், வருஷா வருஷம் நீங்கள் சொன்னதை இந்தக் காதால் கேட்டவன் நான், உங்கள்மேல் புகார் வந்தால் நானே சாட்சி சொல்வேன் என்றார். கௌதமி மோனிஷா தன்னிடம் சொன்னதைச் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னைக்கு இல்லன்னாலும் ஒரு நாள் அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுடும் டீச்சர். காலேஜுக்குப் போகும். கெமிஸ்ட்ரி படிக்கும்."

"தெரியட்டும் சார். இருபத்தஞ்சு வயசுல தெரியட்டும். அப்போ என்னயும் சேத்துத் திட்டிக்க ஒரு வாய் இருக்கும் அவளுக்கு. பதினஞ்சுல வேணாம்."

தேர்வுநடையை நிறுத்தச் சொல்லி அவள் கேட்டாள். அதை இனி இங்கே மாற்ற முடியாது, இப்போதெல்லாம் சென்னையில்தான் என்றார் அவர். எழுதிப் போடலாம் என்றார். பதில் வராது என்று இருவருக்கும் தெரியும்.

ஒரு சயின்ஸ் டீச்சர் பிள்ளைகளிடம் தெரிந்தே தப்பான சயின்ஸ் சொல்லிவிட்டு வந்து நிற்கிறேன் என்று அவளுக்கு உறுத்தியது. ஆபத்தைச் சொன்னது உண்மை, பெயரில் மட்டும்தான் பொய் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது சமாதானமாக இல்லை. ஒரே வாயுவை இரண்டாக்கியது மெஷின். அந்த இரண்டும் இனி ஒட்டாமல் வெல்டிங் வைத்தது அவள் வாய், அதுவும் சுத்தமான தமிழில்.

மறுநாள் பிரேயர் கலைவதற்கு முன்னால் சரளா வந்தாள். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. பிள்ளைகள் வரிசையாக நிற்க, ஆசிரியர்கள் நிற்க, நேரே நடந்து கௌதமியின் முன்னால் வந்து நின்றாள்.

"கூட்டத்துல வாய் கிழியப் பேசுனியே, இந்த ஒண்ண எம்பொண்ணுக்குச் சொல்லிக்குடுக்க உன் வாய்க்கு இன்னாடி கேடு? எரிமலையப் பத்திச் சொல்லிக்குடுத்தியாமே. எம்புருசன் எந்த ஊரு எரிமலையிலடி எறங்குனாரு?"

ஏகாம்பரம் ஓரடி முன்னால் வந்து வாயைத் திறந்தார். கௌதமி அவரைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள். வரிசையில் நின்ற மோனிஷா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் எல்லோரும் மொச்சையை ஏற்கெனவே காதில் போட்டிருந்ததால் சரளா கத்தியது அவர்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது. அவளிடம் மைக் இல்லை. அவள் சொன்னதை மாற்றிச் சொல்ல யாரும் இல்லை.

சரளா மண்ணை வாரித் தூற்றினாள். நீ படிச்ச படிப்பு மண்ணாப் போக என்றாள். உன் அப்பன் கால் வெந்ததுக்கு இதுதான் பலனா என்றாள். கௌதமி கையைக் கட்டிக்கொண்டு, கீழே பார்க்காமல், கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரு சொல்கூட மாறாமல் எல்லாம் வந்து சேர்ந்தது.